புதன்கிழமை வீட்டுச் சாப்பாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஏரிக்கரை பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் முட்டி வலி. அப்புறம் சர்க்கரை. அதற்கப்புறம் பேரப்பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ். ஒருவர் வீட்டில் பாங்கு லோன், மாதா மாதம் இ.எம்.ஐ. இன்னொருவர் நஞ்சன்கூடு ரோட்டில் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்றுவிட்டார். பேத்திக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்த புண்ணியவதி ஒருத்தி இருக்கிறாள், அதை ஒரு தடவையாவது சொல்லாமல் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள். போன வாரம் உங்களில் ஒருவர், "நம்ம காலத்துல படிப்புக்கு என்ன செலவு? எல்லாம் சும்மாவே கெடச்சுது" என்று கையை உதறினார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் வாயில் நீங்கள் கொடுத்த கோடுபளே முறுக்கு இருந்தது. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

நான் நாலாம் கிளாஸ் படித்த வருடம் அது. ஜூன் மாதம் பிடித்த தூறல் நிற்கவே இல்லை. கொட்டித் தீர்க்கிற மழை இல்லை, நம் மைசூருக்கே உரிய அந்தச் சோம்பேறித் தூறல். காலையில் எழுந்து பார்த்தால் சாமுண்டி மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. யாரோ மலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நான் நம்பினேன். துணி காயாது. அம்மா கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் என் பாவாடையைப் போட்டு உலர்த்துவாள். அந்தப் புகை வாசனையோடு ஸ்கூலுக்குப் போவேன். காற்று திரும்பினால் சந்தன எண்ணெய் காய்ச்சுகிற வாசனை ஈரத்தோடு வரும். அப்போது அது ஊரின் வாசனை என்று தெரியாது. உலகமே இப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவருடைய அப்பா காலத்திலேயே வேலைக்காக மைசூர் வந்த குடும்பம், அதனால் அவர் பேசும் தமிழில் பாதி கன்னடமாக இருக்கும். அம்மா கொள்ளேகால் தாண்டி, ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள், அப்பாவைத் திட்டும்போதுகூட. அக்கா அந்த வருடம்தான் பி.யு.சி. முடித்திருந்தாள். அக்காவுக்கு பி.எஸ்சி. படிக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வீடு.

வியாழக்கிழமைகளில் மட்டும் இன்னொருவர் சேர்ந்துகொள்வார். உங்களுக்கு வாரான்னம் ஞாபகம் இருக்கிறதா? வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார்கள். திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கு ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் காசு வாங்க மாட்டார்கள், பையனும் கூச்சப்பட மாட்டான். ஊரில் பல பேர் அப்படிச் சாப்பிட்டுத்தான் டிகிரி வாங்கினார்கள். இதைத்தான் 'சும்மா கிடைத்தது' என்கிறீர்கள் நீங்கள்.

எங்கள் வீட்டு வியாழக்கிழமைக்காரர் அம்மாவின் ஊர்ப்பக்கம். பி.எஸ்சி. கடைசி வருடம், முதல் வருடத்திலிருந்தே எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். அவருடைய அப்பா பட்டுப்பூச்சி வளர்க்கிறவர், கூடு நல்ல விலைக்குப் போனால் ஃபீஸ் வந்துவிடும். போகாவிட்டால் ஃபீஸ் கட்டுகிற கடைசித் தேதியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கு என்று ஊரிலிருந்து எதுவும் வராது. அம்மாவை அவர் சின்னம்மா என்பார். எனக்கு அவர் வியாழக்கிழமை அண்ணா. வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை.

ஒல்லியாக இருப்பார். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கால் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். வீட்டில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது, அது அவருக்கு. நாங்கள் எல்லோரும் அலுமினியத்தில். அவர் உட்கார்ந்து முதல் கவளம் உருட்டுவதற்குள் அம்மா கேட்டுவிடுவாள்.

"ஏங்கண்ணு, நேத்து புதன்கிழமை வீட்டுல என்ன சமையல்?"

முதலில் அக்கறையாகத்தான் கேட்டாள். கேட்டுக் கேட்டு அது போட்டியாகிவிட்டது. புதன்கிழமை வீடு சாமராஜபுரத்தில், வாசலில் சம்பக மரம் நிற்கிற வீடு. அந்த வீட்டம்மாவை அம்மா பார்த்ததே இல்லை. ஆனாலும் அவளை ஜெயிக்க வேண்டும் என்று வாரா வாரம் சமைத்தாள்.

அண்ணா சொல்ல ஆரம்பிப்பார். அவசரமே இல்லாமல், கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு சொல்வார். "நேத்தைக்கு மோர்க்குழம்புங்க சின்னம்மா, பூசணிக்காய் போட்டு. தேங்காய் கூடத்தானுங்க. பீன்ஸ் பொரியல். அப்பறம் ரசபாளைப் பழத்தைப் பெசஞ்சு, பால் ஊத்தி, ஏலக்காய் போட்டு ஒரு கிண்ணம் வெச்சாங்க." ரசபாளை என்றால் இப்போது தேடினாலும் அகப்படாத நஞ்சன்கூடு வாழைப்பழம், உங்களுக்குத் தெரியும். அவர் சொல்லும்போது அந்தக் கிண்ணம் என் முன்னால் வந்து நிற்கும். ஜன்னலுக்கு வெளியே தூறல். உள்ளே கரி அடுப்புப் புகை. நான் என் தட்டில் இருக்கும் கத்தரிக்காயைச் சாப்பிட்டுக்கொண்டே ஏலக்காய்ப் பாலை ருசித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் சாப்பிட்ட மாதிரி எங்கேயும் சாப்பிட்டதில்லை. அந்த வீட்டு வாசற்படியைக்கூட அப்போது நான் மிதித்திருக்கவில்லை.

மழை பலக்கப் பலக்க அவருடைய புதன்கிழமைகளும் வளர்ந்தன. ஒப்பட்டு வந்தது, அதுதான் போளி. நெய்யில் வறுத்த முந்திரி வந்தது. ஒரு வாரம் பிதுக்கின அவரைப் பருப்புக் குழம்பு என்றார்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஆடி மாசத்துல ஏது கண்ணு அவரை? மார்கழிக்கல்ல வரும்?"

அண்ணா கவளத்தை இன்னொரு தரம் உருட்டினார். "எங்கிருந்தோ தருவிச்சாங்களாட்டங்க" என்றார்.

அவர் போன பிறகு அம்மா அப்பாவிடம், "காலமில்லாத காலத்துல அவரை வாங்கறாங்கன்னா எத்தனை வசதி இருக்கோணும் பாருங்க" என்று பெருமூச்சு விட்டாள். எங்கள் வீட்டில் ஒருவருக்குக்கூட வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அப்பா ரயில்வே கணக்கில் ஒரு பைசாப் பிழையைக் கண்டுபிடிக்கிறவர்.

அதே நாட்களில்தான் அக்காவுக்கு சீட் கிடைத்தது. சந்தோஷம் ஒரு ராத்திரிதான் இருந்தது. மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் உட்கார்ந்து, எதை நிறுத்தலாம், எதை விற்கலாம் என்று பேசினார்கள். அப்பா சொசைட்டியில் கடன் எழுதப் போவதாகச் சொன்னார். அம்மா கழுத்திலிருந்த கொடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் அது மஞ்சள் கயிறாகிவிட்டது. பால் பாதியாயிற்று. பேப்பர் நின்றது. அப்பா சாயங்காலக் காபியை விட்டார், அது அவருக்கு எத்தனை கஷ்டம் என்று வீட்டில் நாங்கள் பட்ட பாட்டில் தெரிந்தது. அக்கா பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் செய்தும் இழுத்துப் போர்த்த முடியவில்லை.

அப்போதுதான் அப்பா மெதுவாகச் சொன்னார். "அந்தப் பையனோட வியாழக்கிழமையைப் பத்தி ஸ்வல்ப யோசி. தினம் ராஜபோஜனம் சாப்பிடற பையன். நம்ம வீட்டு ஒரு நாள் போனா அவனுக்கு என்ன ஆகப்போகுது?"

அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் மனதிலும் அந்த எண்ணம் இருந்தது. ஒப்பட்டும் முந்திரியும் சாப்பிடுகிறவனுக்கு மறுநாள் தன் கத்தரிக்காயைப் போட அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள்.

"கண்ணு, தப்பா நெனைச்சுக்காதே. புள்ளையக் காலேஜில சேக்கறோம், கையில ஒண்ணும் நிக்கறதில்லை. உனக்குத்தான் அங்கெல்லாம் அத்தனை நல்லாப் போடறாங்களே. வியாழக்கிழமைக்கு வேற வீடு பாத்துக்குவியா?"

அவர் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அதுக்கென்னங்க சின்னம்மா. தங்கச்சி படிக்கோணும். எனக்கு வேணுங்கற அளவுக்கு வீடு இருக்குதுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மழையில் திரும்ப வந்தார். தன் முதல் வருடப் புத்தகங்களையெல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தார். "கடையில வாங்க வேண்டாம்" என்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. புத்தகங்கள் துளிகூட நனையவில்லை, அவர்தான் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றார்.

அவர் வராத முதல் வியாழக்கிழமை அம்மா பழக்க தோஷத்தில் எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துவிட்டாள். யாரும் அதில் சாப்பிடவில்லை. சாதம் மிஞ்சியது. அதற்கு அடுத்த வாரமும் மிஞ்சியது. கை அளவு குறைய மாட்டேன் என்கிறது என்று அடுப்பைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். மூன்றாம் வாரம் புதன்கிழமை மத்தியானம் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஸ்கூல் இல்லாததால் நானும் வீட்டில் இருந்தேன்.

"வா புள்ள. அந்தப் புதன்கிழமை வீட்டம்மாவைப் பாத்து, வியாழனையும் அவங்களே சேத்து எடுத்துக்கச் சொல்லிக் கேட்டுட்டு வந்தறலாம். இருக்கறவங்கதானே."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அந்த வீட்டுக்குப் போகிறோம். ஏலக்காய்ப் பால், முந்திரி. வழியெல்லாம் சாலையோர மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. ரயில் கேட் தாண்டி சம்பக மரத்தைத் தேடிப் போனோம். பூ உதிர்ந்து சேற்றில் கிடந்தது, மணம் தெரு முழுக்க. மரம் பெரியதுதான். வீடு சின்னது.

கதவைத் திறந்த வீட்டம்மாவின் புடவையில் தோளிலேயே ஒட்டுத் தையல். கூடத்தில் ஓடு ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தார்கள். டொப், டொப் என்று சத்தம். ஈஸிசேரில் ஒரு பெரியவர் போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தார். என் அம்மா தான் யாரென்று சொன்னாள்.

அந்த அம்மா வாயைப் பிளந்தாள். "வியாழக்கிழமை வீடா? நீங்களா? உங்க வீட்டுல சாம்பார்ல நெய் மிதக்குமாமே! வாரத்துக்கு ஒரு ஸ்வீட்டாமே!"

"எங்க வீட்டுலயா?" என்றாள் அம்மா. எங்கள் வீட்டு நெய் சின்ன டப்பாவில், உயர்ந்த அலமாரியில், நான் எட்டாத இடத்தில் இருந்தது.

"அவன்தான் சொல்வான். நான்தான் கேப்பேன், நாளைக்கு அவங்க வீட்டுல என்ன, போன வாரம் என்னன்னு. அவன் சொல்றதைக் கேட்டுக் கேட்டு நமக்கு ஒரு மாதிரி நாச்சிகெ ஆயிடுச்சும்மா, வெட்கம். இவருக்குப் பென்ஷன்தான், மருந்துக்கே போயிடுது. அத்தனை நல்லாச் சாப்பிடற பையனுக்கு நம்ம ரசம் சாதம் எதுக்குன்னு, காலேஜ் திறக்கறப்பவே பேடா, வேண்டாம்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை வீட்டுலயும் இதே கதைதான், அவங்க மார்க்கெட்ல என்கிட்ட சொன்னாங்க."

அம்மா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். காலேஜ் திறந்தது ஜூனில். மோர்க்குழம்பு, ஒப்பட்டு, அவரைப் பருப்பு எல்லாம் அதற்கப்புறம்.

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. இப்போது முழுசாகப் புரிகிறது. வாரான்னம் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஊரில் சொல்லி அனுப்பும் ஒரே புத்தி, ஒரு வீட்டுக் குறையை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது என்பது. அவர் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மற்ற வீட்டைப் புகழ்ந்தார், அந்தப் புகழ்ச்சியாலேயே ஒவ்வொரு வீடாக இழந்தார். தனக்கு இல்லாமல் போன வீட்டின் சமையலையும் அம்மா கேட்டதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பசித்த வயிற்றோடு உட்கார்ந்துதான் எனக்கு அத்தனை விருந்து போட்டிருக்கிறார்.

"ரூம் எங்கே தெரியுமுங்களா?" என்றாள் அம்மா.

"ரெண்டு தெரு தள்ளி, மாவு மில்லுக்கு மேல." அந்த அம்மா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

மழையில் ஒரே குடைக்குள் நடந்துகொண்டே இரண்டு பேரும் வாரத்தைப் பங்கு போட்டார்கள். புதனும் வெள்ளியும் தனக்கு என்றாள் அவள். வியாழனும் சனியும் ஞாயிறும் என் வீடு என்றாள் அம்மா. திங்களுக்கும் செவ்வாய்க்கும் திங்கட்கிழமை வீட்டுக்காரியைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள், சொன்ன தோரணையில் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் கையில் காசு நிற்காது என்பதெல்லாம் அன்றைக்கு அம்மாவுக்கு மறந்துவிட்டது. அந்தப் பங்கீடு அவர் கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கிறவரைக்கும் மாறவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவும் படித்தாள். எப்படி என்று கேட்காதீர்கள், அப்பா கடைசிவரை சாயங்காலக் காபி குடிக்கவில்லை.

மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டெல்லாம் அதிர்ந்தது, கைப்பிடியில் ராகி மாவு படிந்திருந்தது. அம்மாவும் நானும் முன்னால் ஏறினோம். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் பின்தங்கிவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. அண்ணா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியாயிற்று. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"எங்கே கண்ணு கிளம்பிட்டே?"

"ஊருக்குங்க சின்னம்மா. சாயங்காலம் கொள்ளேகால் பஸ். அப்பாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமாமுங்க."

"அப்ப படிப்பு?"

"பாக்கலாமுங்க" என்று பாயைத் தடவிவிட்டார்.

அம்மா பாயை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

"ஆச்சுங்களே. இன்னைக்குப் புதன்கிழமையல்லங்க? இப்பத்தான் அங்க சாப்பிட்டு வந்தேன்." கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டார். "தேங்காய் சாதமுங்க. உருளைக்கிழங்குப் பொரியல். அப்பளம் பெருசு பெருசாப் பொரிச்சு வெச்சாங்க. வயிறு கொள்ளலைங்க…"

கண்ணைத் திறந்தபோது புதன்கிழமை வீட்டம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். ஈரத் தலைப்பைப் பிழிந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அண்ணாவின் முகம் வெளுத்ததை இன்று நினைத்தாலும் பார்க்க முடிகிறது. கீழே மில் மட்டும் கடகடவென்று ஓடியது.

"ஹௌது, ஆமாம்" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "எல்லாம் போட்டேன், பாயசத்தைப் போட மறந்துட்டேன் பாரு. அடுக்களையில அப்படியே இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன். வந்து குடிச்சுட்டு, எங்கே போகணுமோ அப்புறம் போ."

அவர் சட்டையை மாட்டினார். பொத்தானைப் போட வெகு நேரம் ஆயிற்று.

படி இறங்கியதும் அந்த அம்மா என் அம்மாவின் காதில் என்னவோ சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் விறுவிறுவென்று போய்விட்டாள். அம்மாவுக்குத் திடீரென்று கால்வலி வந்தது. மெதுவாகத்தான் நடக்க முடியும் என்றாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஊரையே சுற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் பட்டுக்கூடு விலை, மல்பெரித் தோட்டம், யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் போனபோது அம்மிக்கல் ஈரமாக இருந்தது. அந்த அம்மாவின் முழங்கை வரை அரைத்த கசகசா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"காலையில பண்ணின பாயசம். ஆறிப் போயிருக்கும்" என்றாள்.

கிண்ணத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அம்மா வாளியில் விழும் தண்ணீரைப் பார்த்தாள். பெரியவர்கூட இருமலை அடக்கிக்கொண்டார். அண்ணா கிண்ணத்தைத் தூக்கினார், சுட்டது, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஆறினாலும் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.